ஹாக்கி அணிக்கு ஏற்ற ஊர் எது?

வணக்கம் உறவுகளே. ஈசிஎச்எல் (என்எச்எல்லுக்கு இரண்டு படி கீழே உள்ள தொழில்முறை லீக்) தரத்தில் ஒரு ஐஸ் ஹாக்கி அணியைத் தென் ஒன்டாரியோவுக்குக் கொண்டுவர நாங்கள் சில பேர் திட்டம் எழுதுகிறோம். ஊர்தான் அமையவில்லை.

முதலில் பிரம்டனைப் பார்த்தோம். அங்கிருந்த பீஸ்ட் என்ற ஈசிஎச்எல் அணி 2021இல் மூடப்பட்டது. அந்த அரங்கில் 2024 முதல் ஸ்டீல்ஹெட்ஸ் என்ற ஜூனியர் (பதின்ம வயது வீரர்களின்) அணி ஆடுகிறது. கிச்சனர், லண்டன், ஒஷாவா என எங்கு போனாலும் ஜூனியர் அணி வேரூன்றி நிற்கிறது. வெள்ளி, சனி இரவுகள் அவர்களுக்கே. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குக் குடும்பமாக யார் வருவார்கள்? மிசிசாகா அரங்கைக் கேட்கலாம், ஆனால் பக்கத்திலேயே டொரொண்டோவின் தொழில்முறை அணிகளான மேப்பிள் லீஃப்ஸ், மார்லீஸ்.

தேவை: சீசனுக்கு 36 ஹோம் ஆட்டங்கள், 5,000 இருக்கை, ஈசிஎச்எல் அணிகள் உள்ள டொலிடோ, கலமசூவுக்குப் பஸ்ஸில் போகும் தூரம்.

ஜூனியர் அணி இல்லாத அப்படியொரு ஊர், எல்லைக்கு அப்பால் மிச்சிகனிலோ நியூயோர்க்கிலோ என்றாலும், உங்களுக்குத் தெரியுமா?