26 வயசுல மூளைக் கட்டி, ரேடியேஷன் முடிச்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாலு மாசம் முன்னாடி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட்ல ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டேன், யாரோ கையில சாவிக்கொத்த திணிச்சிருக்காங்க, நான் இறுக்கிப் பிடிச்சதுல உள்ளங்கையில தழும்பு இன்னும் இருக்கு. (தயவுசெஞ்சு யாருக்கும் அப்படி செய்யாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சாலே போதும்.) முதல்ல பார்த்த டாக்டர் தூக்கம் பத்தல, டென்ஷன்னு அனுப்பிட்டாரு. ரெண்டாவது தடவை வந்தப்புறம்தான் எம்ஆர்ஐ எடுத்தாங்க, இடது பக்கம் முன்னாடி, பேச்சு வர்ற இடத்துக்கு ஒட்டி கட்டி.

முழிச்சிருக்கும்போதே ஆபரேஷன் பண்ணாங்க. படம் காட்டி பேரு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, குடைன்னு தெரியுது ஆனா வாய்ல வார்த்தை வரல, உடனே அந்த இடத்த தொடாம விட்டுட்டாங்க. பயாப்சில ஒலிகோடென்ட்ரோகிளியோமா (மெதுவா வளர்ற ஒரு வகை மூளைக் கட்டி) கிரேடு 2ன்னு வந்துச்சு. கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதனால ரேடியேஷன் 30 சிட்டிங், அப்புறம் டெமோசோலமைடுன்னு கீமோ மாத்திரை.

கேக்கணும்னு நினைச்சது இதுதான். ரேடியேஷன் அப்போ வேலைக்குப் போனீங்களா, அசதி எத்தனை வாரம் இருந்துச்சு? ஃபிட்ஸுக்குக் குடுத்த லெவிடிரசெட்டம் மாத்திரை போட்டதுல இருந்து அம்மா மேல எரிஞ்சு விழுறேன், அப்புறம் உக்காந்து அழறேன், உங்களுக்கும் இப்படி இருந்துச்சா, டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுத்தாரா? இன்னொன்னு, கீமோவுக்கு முன்னாடி விந்தணு சேமிச்சு வைக்கணும்னு எனக்கு யாருமே சொல்லல, நானா படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், வீட்ல எப்படி பேச்ச எடுக்கறதுன்னு தெரியல. இதே வயசுல இத தாண்டி வந்த அண்ணன் அக்கா யாராவது இருந்தா ரெண்டு வரி எழுதுங்க, அடுத்த திங்கள் ரேடியேஷன் அப்போ தலை அசையாம இருக்க போடுற மாஸ்க்குக்கு அளவெடுக்க வரச்சொல்லியிருக்காங்க.