பழைய பெட்ஃபோர்ட் லாரி: வைப்பர் பிளேடு கீழே வந்தபின் சுவிட்சைப் போட்டால் பியூஸ் போகிறது

கேள்வி:
1960களின் பெட்ஃபோர்ட் லாரி, 12 வோல்ட், பேட்டரி நெகட்டிவ் சேஸில். லூகாஸ் 14டபிள்யூ இரண்டு வேக மோட்டாரைப் பொருத்தியிருக்கிறேன். ஐந்து ஒயர்: பச்சை, கறுப்பு, பிறகு இளம்பச்சைக் கோடு போட்ட சிவப்பு, நீலம், பழுப்பு. பச்சைக்கு இக்னிஷனிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக நேர் சப்ளை. அதே சப்ளை ஒரு சாதா ஆன்-ஆஃப் டாகிள் வழியாகச் சிவப்புக்கு. நிறுத்தினால் பிளேடு கண்ணாடி நடுவிலேயே நின்றதால் பழுப்பைச் சிவப்போடு முறுக்கிவிட்டேன். இப்போது ஆஃப் செய்தால் ஒழுங்காகக் கீழே வந்து படுக்கிறது. மறுபடி சுவிட்சைப் போட்டால் அந்த நொடியே பியூஸ் போகிறது. 15 ஆம்பியர் போட்டும் அதே கதை. மோட்டார் ஷார்ட்டா?

பதில் 1:
மோட்டார் நன்றாக இருக்கிறது சார். அந்த முறுக்கைப் பிரியுங்கள். பெரிய பியூஸ் போடுவதையும் நிறுத்துங்கள், அடுத்து ஒயர்தான் எரியும்.

கியர் பெட்டிக்குள் ஒரு பார்க் சுவிட்ச் இருக்கிறது. பிளேடு நகர்ந்துகொண்டிருக்கும்போது அது பழுப்பைப் பச்சையோடு சேர்த்திருக்கும். பிளேடு கீழே வந்ததும் பச்சையை விட்டுவிட்டுப் பழுப்பை எர்த்தோடு சேர்க்கும். பிரேக் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எர்த்: சுற்றிக்கொண்டிருக்கும் ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) இரு பிரஷும் (அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரித் துண்டுகள்) ஒன்று சேர்வதால் மோட்டார் அங்கேயே நிற்கும். உங்கள் இணைப்பில் பிளேடு படுத்திருக்கும்போது சிவப்பு, பழுப்பு, எர்த் மூன்றும் ஒன்று. அந்த நிலையில் டாகிளைப் போட்டால் பேட்டரி நேராகச் சேஸில் இறங்குகிறது.

தேவை மூன்று முனை உள்ள சேஞ்ச்ஓவர் டாகிள். நடு முனையில் சிவப்பு, ஒரு பக்கம் பியூஸிலிருந்து வரும் சப்ளை, மறுபக்கம் பழுப்பு. பச்சை இப்போது இருப்பதுபோல் இக்னிஷனிலேயே இருக்கட்டும். அதை டாகிளுக்குப் பின்னால் கொண்டுபோனால் ஆஃப் செய்ததும் பார்க் சுவிட்சுக்குக் கரண்ட் இருக்காது, பழையபடி நடுவில் நிற்கும்.

மோட்டாருக்கு எர்த் ஒயர் தனியாகப் போடுங்கள். மோட்டார் ரப்பர் பேடில் உட்கார்ந்திருக்கும், கேபினும் ரப்பர் மவுண்டில். பெயின்டை நம்ப முடியாது. கறுப்பிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயரைச் சேஸ் வரை இழுத்து, லக் (ஒயர் நுனி வளையம்) உட்காரும் இடத்தை இரும்பு மின்னும்வரை சுரண்டி இறுக்குங்கள். ஓடும்போது மோட்டார் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

பதில் 2:
மேலே சொன்னது முழுக்கச் சரி. நிறம் வெளுத்துப்போன ஒயர் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று: பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பீப் சத்தத்தில் வையுங்கள். பிளேடு படுத்திருக்கும்போது பழுப்புக்கும் கறுப்புக்கும் பீப் வரும். கிராங்கை அந்த இடத்திலிருந்து நகர்த்திப் பார்த்தால் பழுப்புக்கும் பச்சைக்கும் வரும்.

இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். இது நிரந்தரக் காந்த மோட்டார், போலாரிட்டி மாறினால் தலைகீழாகச் சுற்றும், பிளேடும் கீழே ஒழுங்காக நிற்காது. அதற்கு முந்தைய ஷன்ட் சுற்று மோட்டாரில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் உள்ளது) அந்தத் தொல்லை இல்லை, எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம் சுற்றும். அதனால் சேஸில் எந்த முனை போகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ரேக்கையும் (மோட்டாரிலிருந்து குழாய் வழியாகப் போய் பிளேடை ஆட்டும் பல் கம்பி) கழற்றிப் பாருங்கள். ரேக் இல்லாமல் இந்த மோட்டார் மெது வேகத்தில் 1.5 ஆம்பியர், வேகமாக 2 ஆம்பியர் அளவில் இழுக்க வேண்டும். ரேக்கைப் போட்டதும் அது பல மடங்கு ஏறினால் குழாயில் கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சேஞ்ச்ஓவர் டாகிள் போட்டதும் சரியாகிவிட்டது. வேகத்துக்கு அதே மாதிரி இரண்டாவது டாகிள் வைத்தேன்: முதல் டாகிளின் நடு முனை இதன் நடுவுக்கு, இங்கிருந்து ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். மெது வேகத்தில் ஆஃப் செய்தால் சரியாக நிற்கிறது. வேகமாக ஓடும்போது ஆஃப் செய்தால் சில சமயம் தாண்டிப்போய் இன்னொரு சுற்று வருகிறது.

பதில் 1:
ஆஃப் செய்யும்போது இரண்டாவது டாகிள் நீலத்தில் இருப்பதால் பழுப்பிலிருந்து வரும் கரண்ட் நீல ஒயரின் வேகப் பிரஷுக்கே போகிறது. மோட்டார் முழு வேகத்தில் வந்து பார்க் இடத்தைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் பழுப்பில் மறுபடி சப்ளை வருகிறது. பழுப்பு சிவப்போடு மட்டும்தான் சேர வேண்டும்.

ஒரே குமிழில் ஆஃப், மெது, வேகம் உள்ள வைப்பர் சுவிட்ச் வாங்கினால் தீர்ந்தது. வாங்கும்முன் மீட்டரில் பாருங்கள்: ஆஃபில் சிவப்பும் பழுப்பும் சேர வேண்டும், வேகத்தில் சப்ளை நீலத்துக்கு மட்டும் போக வேண்டும். சிவப்புக்கும் சேர்த்துக் கொடுக்கும் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். சிவப்பு, நீலம் இரண்டின் பிரஷுக்கும் நடுவில் உள்ள சுருள் சுற்றுகள் ஷார்ட்டாகி ஆர்மேச்சர் கொதிக்கும்.

அதுவரை முதலில் மெது வேகத்துக்கு மாற்றி, பிறகு ஆஃப் செய்யுங்கள். மெது வேகத்திலும் தாண்ட ஆரம்பித்தால் பழுப்பு ஒயரின் லக்கையும் பார்க் சுவிட்ச் கான்டாக்டையும் துடைத்துப் பாருங்கள். அங்கே கரி பிடித்தால் பிரேக் பிடிக்காது.