பல்லாரட் போனால் சாவரின் ஹில் பார்க்கத்தான் வேண்டுமா?

கடலோடி:
பள்ளி விடுமுறைக்குப் பல்லாரட் போகலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்குப் போங்கள், மெல்போர்னிலிருந்து 110 கிலோமீட்டர்தான். சாவரின் ஹில்லைத் தவிர்த்துவிடுங்கள். 1850களின் தங்க வேட்டை ஊரைப் போலக் கட்டி 1970இல் திறந்த செட் அது. ஓடையில் பிள்ளைகள் அரித்தெடுக்கும் தங்கப்பொடிகூட ஊழியர்கள் போட்டு வைப்பதுதான். டிக்கெட்டோ யானை விலை!

செவ்வந்தி:
செட் என்றே வைத்துக்கொள்வோம். உருக்கிய தங்கத்தை நம் கண்முன்னால் அச்சில் ஊற்றுகிறார்களே, அதுவுமா பொய்? கூஜாவிலிருந்து நெருப்பு வழிவதுபோல இருக்கும். ஓயாமல் பேசும் என் பையன் அங்கேதான் வாயை மூடினான். அங்கே வேடமிட்டு வரும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களைப் பார்த்துவிட்டு, “இவங்க ஏன் துப்பாக்கியோட வர்றாங்க?” என்று கேட்டான். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவர் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த கதையை அப்போதுதான் சொன்னேன்.

கடலோடி:
கதையின் மிச்சத்தையும் சொன்னீர்களா? அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தோண்டுகிறவர்கள் கட்டிய யுரேகா அரணுக்குள் 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் அரசுப் படை புகுந்து, அவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் ஏற்றிய கொடி ஊரிலேயே யுரேகா மையத்தில் இருக்கிறது. நீலத்துணி, வெள்ளைச் சிலுவை. நினைவுக்கென்று ஆளாளுக்கு வெட்டிக்கொண்டு போனதில் ஒரு பக்கமே காணோம். அந்தக் கிழிசலைக் காட்டுங்கள், பையன் இன்னும் நிறையக் கேட்பான்.

பனங்கிழங்கு:
இரண்டு பேரும் சீனர்களை விட்டுவிட்டீர்களே! பல்லாரட் இருக்கும் விக்டோரியாவின் அரசு, தங்கம் தேடி அங்கே வந்திறங்கும் சீனர் தலைக்கு 1855இல் 10 பவுண்டு வரி போட்டது. அதற்குத் தப்ப, பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். சாவரின் ஹில்லில் அவர்களுடைய முகாமும் கோயிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் கூட்டமெல்லாம் மிட்டாய்க்கடை வாசலில்! இத்தனைக்கும் அது வாதவுரங் பழங்குடிகளின் மண். தங்கம் அவர்களை என்ன செய்தது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வந்தி:
சரி, கூட்டம் போகாதது முகாமின் குற்றமா? ரோப் வரை போய்ப் பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்? ஏழு வயதுப் பிள்ளையைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துணி முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள், கடலோடி அண்ணா?

கடலோடி:
பத்து நிமிடம் போதும் தங்கச்சி. நாள் முழுக்கச் சாவரின் ஹில்லில் சுற்றிவிட்டு, “பல்லாரட் பார்த்தாச்சு” என்று வண்டியைத் திருப்புகிறார்களே, என் சண்டை அவர்களோடுதான்.

செவ்வந்தி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். “தவிர்த்துவிடுங்கள்” என்று எழுதியது நீங்கள்தான்.