எச்சரிக்கைப் படிவத்தில் ‘அவசரம்’ போதுமா?

வணக்கம்.

பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் படிவத்தைத் தமிழாக்கும்போது, அதில் நிரப்ப வேண்டிய மூன்று கட்டங்களுக்கும் ‘முன்னுரிமை’ என்பதையே அடைமொழி மாற்றிப் போட்டிருக்கிறோம். இது சரிவராது. படிவம் பின்பற்றுவது ஒயாசிஸ் (OASIS) என்ற தர அமைப்பு 2010இல் வெளியிட்ட காப் (CAP) 1.2 என்ற பொது எச்சரிக்கைத் தரம். அதில் முன்னுரிமை என்றொரு புலமே கிடையாது. எவ்வளவு சீக்கிரம் செயல்பட வேண்டும் (urgency), பாதிப்பு எவ்வளவு பெரிது (severity), நடக்கும் என்பது எவ்வளவு நிச்சயம் (certainty) என்று மூன்று தனிக் கேள்விகள்தான் உண்டு. முன்னுரிமை அந்தப் பதில்களிலிருந்து வருவது. அமெரிக்காவில் கைபேசிக்குப் போகும் உடனடி ஆபத்து எச்சரிக்கை, மூன்றிலும் மேல் இரண்டு படிகளுக்குள் இருந்தால்தான் போகும்.

> முதல் கட்டத்துக்குக் ‘காலநெருக்கம்’ என்று வைக்கலாமே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆபத்து வந்துசேரும் நேரத்தைச் சொல்கிறது. தரம் கேட்பது மக்கள் செயல்பட வேண்டிய நேரத்தை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் வந்து, அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அன்று இந்தப் படிவம் இருந்து, ‘காலநெருக்கம்’ என்று படித்திருந்தால் ‘பின்னர்’ என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சரியான விடை ‘உடனே’. அத்தனை கடற்கரை ஊர்களையும் காலிசெய்ய இரண்டு மணி நேரமே பற்றாது.

முதல் கட்டத்துக்கு ‘அவசரம்’ என்று வைத்தால் ‘அவசரம்: கடந்தது’ என்று ஒரு விசித்திரமான தெரிவு வரும். என் பரிந்துரை ‘கெடு’. கெடு: உடனே, ஒரு மணி நேரத்துக்குள், பின்னர், கடந்தது. நாலும் இயல்பாக ஒட்டுகின்றன.

இரண்டாவதற்குத் ‘தீவிரம்’ வேண்டாம். தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்பவை காற்றின் வேகத்தை வைத்து வானிலைத் துறை சொல்பவை. அதிதீவிரப் புயல் நடுக்கடலோடு போய்விட்டால் கரையில் பாதிப்பு சொற்பம்தான். ‘கடுமை’ போதும்.

மூன்றாவது ‘நிச்சயம்’. இங்கே ‘வாய்ப்பு’ என்ற சொல்லையே தவிர்க்கலாம். செய்திகளில் எல்லா மழைக்கும் வாய்ப்புதான்! தரம் 50 விழுக்காட்டில் கோடு போடுகிறது. அதற்கு மேல் ‘பெரும்பாலும் நடக்கும்’, மற்றதற்கு ‘நடக்கலாம்’.

---

உங்கள் கடிதத்துக்குப் பதில்: கடுமை, நிச்சயம் இரண்டும் எனக்குச் சம்மதம். கெடுதான் இடிக்கிறது ஐயா. கடன் நோட்டீஸ் வாடை அடிக்கிறது. அப்புறம், ராத்திரி கட்டுப்பாட்டு அறையில் தூக்கக் கலக்கத்தோடு இருப்பவர் அதைக் ‘கேடு’ என்று படித்தால்? கலைச்சொல் பட்டியலில் ‘கெடு’ இருக்கட்டும். படிவத்தில் ‘எப்போதைக்குள் செயல்பட வேண்டும்?’ என்று கேள்வியாகவே போட்டுவிடுவோம், இடம் இருக்கிறது. மூன்று கட்டங்களிலும் கடைசியில் வரும் ‘அறியப்படாதது’ என்பதையும் ‘தெரியவில்லை’ என்று மாற்றிவிடுகிறேன்.