பட்டாட்: ஒரு கல்லின் விலை

பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மாகாணத்துக்கு, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களைப் பார்க்கச் சென்று வந்தவர்கள் பெரும்பாலும் பனாவேயின் காட்சிமுனையைப் பற்றியே சொல்வதால், அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பட்டாட் கிராமத்தில் நான் தங்கிய மூன்று நாள்களைப் பகிர்கிறேன். மணிலாவில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் பனாவே; அங்கிருந்து ஜீப்னி என்ற சிறு பயணி வண்டி; சாலை முடிந்த பிறகு நடை. 20 பெசோ நோட்டில் அச்சாகியிருப்பவை பனாவேயின் படிவயல்கள் என்றாலும், 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஐந்து தொகுதிகளில் அந்தக் காட்சிமுனை வயல்கள் இடம்பெறவில்லை, பட்டாட் இடம்பெற்றிருக்கிறது.

எனக்கு வழிகாட்டியாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முறையில் 'மனோங்' என்றே அவரை அங்கே எல்லோரும் அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். மலைச்சரிவு முழுவதும் அரைவட்டமாக இறங்கும் வயல்களைப் பார்த்ததும், சுற்றுலாக் கையேட்டில் படித்த '2000 ஆண்டுப் பழைமை'யை ஆர்வமாக எடுத்துவிட்டேன். அவர் மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. ஸ்டீபன் அகபாடோ என்ற தொல்லியலாளரின் குழு கியாங்கான் பகுதியில் செய்த அகழாய்வுகள் வழியாக, அப்பகுதியில் நன்செய் நெல் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், ஸ்பானியர் வருகையை ஒட்டியே பரவியது என்று வாதிடுவதை ஊர் திரும்பிய பிறகே படித்தேன். ஆதிக்கத்துக்குப் பணியாமல் மலையேறிய மக்கள் சில தலைமுறைகளுக்குள் இவ்வளவையும் கட்டினார்கள் என்பது, என்னைப் பொறுத்தவரை, பழைமையைவிடப் பெரிய வியப்பு.

வயலுக்கு மேலே முயோங் எனப்படும் குடும்பக் காடு இருக்கிறது. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவது அதுதான் என்பதால், காடு அழிந்தால் மடையும் வற்றிவிடும். அங்கே விளையும் தினாவோன் நெல் ஆண்டுக்கு ஒரே போகம். பெயரிலேயே 'ஆண்டு' என்ற பொருள் இருப்பதாக மனோங் விளக்கினார். அறுவடையின்போது மூதாட்டிகள் முன்னின்று பாடும் ஹுத்ஹுத் பாடலைக் கேட்க விரும்பினேன். நான் போனது களையெடுக்கும் பருவமாக இருந்ததால் வாய்க்கவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும் போன வீட்டிலெல்லாம் கிடைத்தது.

இரண்டாம் நாள் படம் எடுக்கும் ஆசையில் வயலைத் தாங்கும் ஒரு சுவரின் விளிம்பில் ஏறி நின்றேன். பட்டாட்டின் சுவர்கள் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்டவை. என் காலடியில் ஒரு கல் நழுவிக் கீழ்வயலின் சேற்றில் விழுந்தது. அங்கே குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது.

சுவர் யாருடையது என்று மனோங்கிடம் கேட்டேன். அவருடைய அண்ணனுடையதாம். இஃபுகாவோ வழக்கப்படி குடும்பத்தின் முக்கிய வயல்கள் தலைப்பிள்ளைக்கே போய்ச்சேரும். அண்ணன் பாகியோ நகரில் வேலைக்குப் போய்விட்டதால் தம்பியான இவர் விளைச்சலில் பங்குக்குப் பயிரிடுகிறார். வழிகாட்டும் வருமானத்தில் ஒரு பகுதி சுவர் கட்டும் ஆட்களின் கூலிக்குப் போகிறது. இப்படி ஆளின்றி வயல்கள் கைவிடப்பட்டதுகூட, 2001இல் இந்த இடம் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு ஒரு காரணம். 2012இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டது.

கல்லுக்குப் பணம் தருவதாகச் சொன்னேன். அவர் சிரித்து, நாளை தப்பியா அருவிக்கு இறங்கும்போது ஆற்றிலிருந்து ஒரு கல் கொண்டுவந்தால் போதும் என்றார். மறுநாள் உண்மையாகவே ஒன்றைப் பொறுக்கித் தோளில் வைத்துச் செங்குத்தான படிகளில் ஏறத் தொடங்கினேன். பாதி வழிகூட வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தார்.