"வேதக்காரங்கதானே நீங்க?": வாரநாள் அனுபவங்கள்

தேரிக்காட்டான்

தோத்திரம். எங்க பக்கம், சாத்தான்குளம், உடன்குடி சுத்துவட்டாரத்துல, கிறிஸ்தவங்களை மத்தவங்க 'வேதக்காரங்க'ன்னுதான் சொல்வாங்க. அந்தப் பேரைச் சொல்லி நம்மகிட்ட ஒண்ணை எதிர்பார்த்து வந்தவங்க எல்லாருக்கும் இருப்பாங்க. அவங்களைப் பத்தி இங்க எழுதுவோமா? கன்வென்ஷன் மேடையில சொல்ற சாட்சி வேண்டாம். கடையில, ஆபீஸ்ல, அடுக்களையில நடந்தது போதும்.

நானே ஆரம்பிக்கேன். எனக்குக் கருப்பட்டி வியாபாரம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பேரு பெருசாச்சு, சீனி போடுறது நின்ன பாடில்ல. பதனியைக் காய்ச்சிக் கூப்பனியா, அதாவது கெட்டிப் பாகா, வர்ற நேரத்துல சீனியைக் கொட்டிட்டா எடை கூடும், செலவு குறையும். சிரட்டையில ஊத்தி எடுத்தா வெளிய ஒண்ணும் தெரியாது. உடைச்சுப் பார்த்தாத்தான் உள்ள மினுங்கும்.

ஒரு ஆச்சி வந்தாங்க. பேத்தி பெரிய மனுஷி ஆகியிருக்கா, உளுந்தங்களி கிண்டணும். "எய்யா, வேதக்காரர் கடைன்னுதான் பஸ் ஏறி வந்தேன். நல்லதா குடு"ன்னாங்க. நான் ரெண்டு பெட்டியையும் காட்டினேன். "ஆச்சி, இது சீனி சேர்த்தது, அது சேர்க்காதது. விலை ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம்." ஆச்சி ஒரு துண்டை வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு கணக்குப் போட்டாங்க. சுத்தமானதுல அரைக் கிலோ, பிள்ளைக்குக் களி கிண்ட. சீனி போட்டதுல ரெண்டு கிலோ, சடங்குக்கு வர்ற கூட்டத்துக்குக் காப்பி போட. "வர்றவனுக்கு இது போதும்"னு சிரிச்சாங்க.

காசைக் கொடுத்துட்டு வாசல்ல நின்னு ஒரு கேள்வி. "எல்லாருக்கும் இப்படிச் சொல்லித்தான் விக்கியா?" பெட்டிமேல சீட்டு ஒட்டியிருக்கே ஆச்சின்னேன். "எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே"ன்னுட்டுப் போயிட்டாங்க. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு நீதிமொழிகள்ல வாசிக்கிறோம். என் தராசுல குறை கிடையாது. ஆனா ஆச்சி கேட்டது தராசு பத்தி இல்ல. இப்ப சீட்டும் இருக்கு, நிறுக்குறதுக்கு முன்னால வாயாலயும் சொல்றேன். சில பேர் "தெரியும்யா, கட்டு"ன்னு சடைக்காங்க.

குலசேகரத்துக்காரன்

அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. சீனி போட்டதை விக்காமலே இருந்தா என்ன?

தேரிக்காட்டான்

தம்பி, சுத்தமானதை மட்டும் வித்தா அந்த ஆச்சி சடங்கு வீட்டுக் காப்பிக்கு வேற கடைக்குப் போவாங்க. அங்க சீனி போட்டதையே சுத்தம்னு சொல்லித் தலையில கட்டுவான். நான் பனையேறி இல்ல, வியாபாரி. ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும். இருக்கட்டும்.

நைட் டூட்டி

நான் வேலூர் சிஎம்சியில, அதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில, நர்சிங் படிச்சவ. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்ச இடம். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்"ங்கிற மத்தேயு 20:28 அங்க படிச்ச யாருக்கும் மறக்காது. இப்ப வேற ஊர்ல, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை. நோயாளிகிட்ட மதம் பேசக்கூடாதுன்னு அங்க விதி. சரியான விதிதான். படுக்கையில கிடக்கிறவர் எழுந்து போக முடியாது. அப்படிப்பட்டவர்கிட்ட பிரசங்கம் பண்றது எந்த ஊர் நியாயம்?

ஒரு ராத்திரி, வயசான பாய் ஒருத்தர், கடைசி நேரம். இனி சிகிச்சை இல்ல, வலி தெரியாம பார்த்துக்கிறது மட்டும்தான்னு டாக்டர் சொல்லியாச்சு. அவர் மக என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துட்டு ரெண்டு தடவை நர்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிப் போனாங்க. நானே கூப்பிட்டுக் கேட்டேன். "சிஸ்டர், நீங்க கிறிஸ்டின், தப்பா எடுத்துக்காதீங்க. வாப்பாவைக் கிப்லா பக்கம் திருப்பிப் படுக்க வைக்கலாமா?"

கிப்லான்னா அவங்க தொழுகிற மெக்கா திசை. கட்டில் தலைமாடு சுவரோட இருந்துச்சு, ஆக்ஸிஜன் பாயின்ட்டுக்குப் பக்கத்துல. போன்ல காம்பஸைத் திறந்தோம். நம்ம ஊர்லேருந்து மேற்கு, கொஞ்சம் வடக்கு சாஞ்சு. சக்கரத்து பிரேக்கை எடுத்து நானும் வார்டு அண்ணனும் தள்ளினோம். ஆக்ஸிஜன் டியூப் எட்டல. பக்கத்து வார்டுலேருந்து நீளமான டியூப் வாங்கி மாட்டினோம். மானிட்டர் ஒயர் கதவை மறிச்சுது, அதை மேல தூக்கிக் கட்டினோம். கட்டில் ரூமுக்குக் குறுக்கால, கோணலா நின்னுச்சு. கதவு பாதிதான் திறக்கும்.

அப்புறம் ஜம்ஜம் தண்ணி, மெக்காக் கிணத்துப் புனிதத் தண்ணி. அவரால விழுங்க முடியாது, வாயில விட்டா மூச்சுக்குழலுக்குப் போயிடும். டூட்டி டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். காஸ் துணியை நனைச்சு உதட்டுல ஒத்துங்கன்னாரு. அந்தம்மா ஒத்தி விட்டாங்க, காதுகிட்ட குனிஞ்சு கலிமா ஓதினாங்க. நான் டிரிப் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். விடியிறதுக்கு முன்னால அடங்கிட்டாரு.

காலையில ரவுண்ட்ஸ் வந்த மேடம் முதல்ல கேட்டது, "கட்டில் ஏன் கோணலா கிடக்கு?" எல்லாம் நோட்ஸ்ல எழுதியிருக்கேன் மேடம்னேன். படிச்சாங்க, கையெழுத்துப் போட்டாங்க, போயிட்டாங்க.

சீயோன் மலை

அருமையான சகோதரி. ஆனாலும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு ஜெபமாவது பண்ணியிருக்கலாமே.

நைட் டூட்டி

பண்ணலைன்னு நான் சொல்லலையே. சத்தமாப் பண்ணல.

பாளை அத்தை

மேல எழுதின பிள்ளைங்க மாதிரி பெருசா எனக்கு ஒண்ணும் இல்ல. பிடியரிசி பத்திச் சொல்றேன். உலையில அரிசி போடுறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடணும். எங்கம்மா போட்டாங்க, நான் போடுறேன். சேர்ந்ததைக் கோயிலுக்கு, அதான் எங்க சர்ச்சுக்கு, கொண்டு போவோம். அதை வித்து வர்ற பணம் ஊழியத்துக்கு. எங்க பாளையங்கோட்டையில 1903ல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ நம்ம ஆட்களே காசு போட்டு நம்ம ஆட்களையே மிஷனரியா அனுப்பினாங்க. அந்தக் காசுல பொம்பளைங்க அடுக்களைக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு.

மருமக சென்னையில. "அத்தை, மாசம் ஒரு தொகை போன்லயே அனுப்பிடுறேன், எதுக்குப் பானை?"ன்னா. சரிதான், அதுவும் காணிக்கைதான். அங்க போய் இருந்தப்போ நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுக்கிட்டு இருந்தேன். வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு, மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டவ, பார்த்துட்டு என்னதுன்னு கேட்டா. சொன்னேன். மறுவாரம், "நானும் போடுறேம்மா. எங்க தெருவுல ஒரு கிழவி தனியா இருக்கு, அதுக்குக் கொடுக்கிறேன்"னா.

நான் ஊருக்கு வந்து மூணு பாட்டில் சேர்த்துக் கோயில்ல கொடுத்தேன். அவ அரிசி அன்னன்னிக்கே ஒரு வயித்துக்குப் போகுது. ஐயர்வாள்கிட்ட, எங்க சபை போதகரை அப்படித்தான் சொல்வோம், இதைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டார், பதில் சொல்லல.

கோப்பு எண்

அரசு அலுவலகத்துல எழுத்தர். எந்தத் துறைன்னு வேண்டாம். நான் லஞ்சத்துக்குக் கை நீட்டுறதில்ல. மேஜையில ஒரு வசனக் காலண்டர் உண்டு, வருஷா வருஷம் சபையில கொடுக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் ரொம்ப மரியாதையா, "சார், நீங்க வாங்காம இருங்க, அது உங்க இஷ்டம். அந்தக் காலண்டரை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்க. வர்றவன் அதைப் பார்த்துட்டு என் சீட்டுலயும் கொடுக்க யோசிக்கிறான்"னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

ஆனா இந்தத் திரியில ஒரு வாசனை அடிக்குது, அதைச் சொல்லிடணும். நேர்மை ஏதோ நம்ம வீட்டுச் சொத்துங்கிற மாதிரி. எங்க ஆபீஸ்ல என்னை விடக் கண்டிப்பானவர் ஒருத்தர் இருக்கார். சாமியே கிடையாதுங்கிறவர். கருப்புச் சட்டை. டீக்காசு கூட அடுத்தவனைக் கொடுக்க விடமாட்டார். அதே கட்டடத்துல, ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை எடுக்கிற ஒருத்தர் திங்கக்கிழமை வேற பை எடுக்கிறதையும் பார்த்திருக்கேன். வேதக்காரங்கதானேன்னு மத்தவங்க கேட்கிறதுல நமக்குப் பெருமை எதுக்கு? அது கடன் பாக்கியைக் கேட்கிற மாதிரி.

தேரிக்காட்டான்

சரியாச் சொன்னீங்க சார்.

கடைசிப் பந்தி

கோப்பு எண் சார் வாயைத் திறந்துட்டார், அதனால நானும் எழுதுறேன். நீங்க எல்லாரும் மத்த மதத்துக்காரங்க வந்து கேட்டதைச் சொல்றீங்க. எங்க ஜனங்க, தலித் கிறிஸ்தவங்க, அந்தக் கேள்வியைச் சபைக்குள்ளேயே கேட்கிறவங்க.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கதை தெரிஞ்சிருக்கும். ஒரே கோயிலுக்குள்ள ரெண்டு சாதிக்கும் நடுவுல சுவர். 1910லதான் இடிச்சாங்க. சுவர் போயிடுச்சு, கல்லறைத் தோட்டம் ரெண்டா இருக்கிற ஊர் இன்னும் இருக்கு. சர்க்கார் கணக்கு வேற மாதிரி. 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவனானவன் பட்டியல் சாதியில வரமாட்டான். சீக்கியரை 1956லயும் பௌத்தரை 1990லயும் சேர்த்தாங்க, நம்மளைச் சேர்க்கல. சர்டிபிகேட்ல நாங்க பிற்படுத்தப்பட்டோர். தெருவுல பழைய பேருதான்.

இப்ப என் அனுபவம். எங்க சேகரத்துல, அதாவது சபை வட்டாரத்துல, அசனப் பண்டிகைங்கிற பொதுச் சாப்பாடு பெருசா நடக்கும். ஊரே வரிசையா உட்கார்ந்து சாப்பிடும், எந்த மதமும் வரலாம். உட்கார்றதுல பிரச்சினை வந்ததில்ல. யார் பொங்குறது, யார் பரிமாறுறதுங்கிறதுலதான் சூட்சுமம் எல்லாம். எங்க தெருப் பிள்ளைங்க விறகு தூக்கும், தண்ணி சுமக்கும், எச்சில் இலை எடுக்கும். வாளி கைக்கு வராது. யாரும் கூடாதுன்னு சொன்னதில்ல. கேட்டா "ஏற்கெனவே ஆள் இருக்குப்பா" அவ்வளவுதான்.

அந்த வருஷம் புதுசா வந்த உபதேசியார், போதகருக்கு அடுத்தபடி சபையைப் பார்த்துக்கிறவர், சின்ன வயசு, பந்தி ஆரம்பிக்கிறப்போ குழம்பு வாளியைத் தூக்கிட்டு வந்து என் கையில கொடுத்தார். ஒண்ணும் பேசல. தன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எச்சில் இலை எடுக்கப் போயிட்டார். எனக்குக் கை நடுங்குச்சு. ஆட்டுக்கறிக் குழம்பு, கொதிக்கக் கொதிக்க, வாளி விளிம்பு வரைக்கும். முதல் வரிசையில ரெண்டு பேர் இலையை மூடிட்டு எழுந்தாங்க. "வயிறு சரியில்ல"ன்னாங்க. மூணாவது ஆள் ஒரு பெரியம்மா. கம்யூனியனுக்கு, அதான் சர்ச்ல அப்பமும் ரசமும் வாங்குறதுக்கு, எப்பவும் முதல்ல போறவங்க. எங்க தெருவுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சு நான் பார்த்ததில்ல. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாங்க. வாளியைப் பார்த்தாங்க. "என்னல, மேலாக்க ரசமா ஊத்துத? அடியில கலக்கி ஊத்து, கறி வரட்டும்"னாங்க.

கலக்கி ஊத்தினேன். அதுக்கப்புறம் வரிசை தானா நகர்ந்துச்சு.

எல்லாம் மாறிடுச்சுன்னு எழுத மாட்டேன். அந்த ரெண்டு குடும்பமும் அசனத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. உபதேசியாருக்கு அடுத்த வருஷமே மாற்றல். வாளி மட்டும் எங்க கையில நின்னுடுச்சு.

நைட் டூட்டி

அண்ணா, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அந்த உபதேசியார் இப்ப எங்க இருக்கார்?

கடைசிப் பந்தி

வடக்க எங்கேயோ. போன்ல பேசுவார். அவரை இங்க இழுக்க வேண்டாம்.

தூத்தூர் கடல்

நாங்க கத்தோலிக்கர். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. ஞாயித்துக்கிழமை கரைமடிக்காரன், கரையிலேருந்து வலை இழுக்கிறவன், கடலுக்குப் போகமாட்டான். ஆழ்கடலுக்குப் போற விசைப்படகுல வாரக்கணக்கா நிக்கும்போது அது நடக்காது. சாயங்காலம் ஜெபமாலை சொல்வோம், அதுவே எங்களுக்குப் பூசை. படகுல வடநாட்டுப் பையன்களும் வேலைக்கு இருப்பாங்க, அவங்க வலையைத் தைச்சுக்கிட்டே கேட்பாங்க.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதைப் பத்தி எழுத இன்னும் தெம்பு வரல. ஒண்ணு மட்டும். அடுத்த நாட்கள்ல ஊர்ப் படகுகள் தேடப் போச்சு. எங்க படகுல ஏறினவங்கள்ல பாதிப் பேருக்குச் சொந்தத்துல யாரும் காணாமப் போகல. ஒரு அண்ணன், ஊர்த் தகராறுல எங்க குடும்பத்தோட பல வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாதவர், டீசல் கேனோட வந்து படகுல வச்சார். என் அப்பா "ஏறு"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வந்த பிறகும் தகராறு அப்படியேதான் இருக்கு, நிலம் சம்பந்தப்பட்டது.

சர்வர் ரூம்

நான் ஐடி. என் பிரச்சினை ரொம்பச் சாதாரணம், ஆனா இளசுங்க நிறையப் பேருக்கு இருக்கும். ஞாயிறு காலையில புரொடக்ஷன் ரிலீஸ், அதாவது புது சாப்ட்வேரை உபயோகத்துக்கு விடுறது. ஆராதனையா வேலையான்னு ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள யுத்தம். டிசம்பர் 31 ராத்திரி இன்னும் மோசம். சபையில புதுவருஷ ஆராதனை, ஆபீஸ்ல வருஷ முடிவு ஆன்கால், கூப்பிட்டா உடனே வேலைக்கு வரணும். நீங்க எல்லாரும் எப்படிச் சமாளிக்கிறீங்க?

சீயோன் மலை

கர்த்தருடைய நாளை முதல்ல வைங்க தம்பி, மத்ததை அவர் பார்த்துக்குவார்.

பாளை அத்தை

ஐயா, மேனேஜரும் பார்த்துக்கணுமே!

கோப்பு எண்

என் மகளும் ஐடிதான். அவ டீம்ல, பண்டிகை நாள்ல யார் வேலை பார்க்கிறதுன்னு பேர் எழுத ஒரு தாள் வச்சிருக்காங்க. தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை மூணுக்கும் இவ கேட்காமலே முதல்ல பேரைப் போட்டுடுவா. அதனால பெரிய வெள்ளி, ஈஸ்டர், 31 ராத்திரிக்கு மத்தவங்க போட்டுடுறாங்க. ரம்ஜானுக்கு ஒரு பையன், அவனுக்கும் அதே ஏற்பாடு. ஞாயிறு ரிலீஸ் மட்டும் தப்பிக்க முடியல. அன்னிக்குச் சாயங்கால ஆராதனை நடக்கிற வேற சபைக்குப் போவா. எங்க ஐயர்வாளுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். தம்பி, தாளை ஜனவரியிலேயே போடுங்க. நவம்பர்ல போய்க் கேட்டா யாரும் கொடுக்கமாட்டாங்க.