கோக்கோவும் கொக்கும்

குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு

மாமா: பிள்ளைகள், ஒரு புதினம். இடோ என்று ஒரு மொழி இருக்கிறதாம். எங்கள் "இதோ"தான் அங்கே போயிருக்கிறது என்று ஒரு படம் வந்தது. மருமகள், தமிழ்த் தினப் பேச்சில் இதைச் சேர்.

நான்: சேர்க்க மாட்டேன் மாமா. இடோவை 1907இல், எஸ்பெராந்தோ என்ற இன்னொரு உருவாக்கிய மொழியைத் திருத்தி உருவாக்கினார்கள். எஸ்பெராந்தோவில் "இடோ" என்றால் பிள்ளை, குட்டி. மாடு போவோ, கன்று போவிடோ. சேவல் கோக்கோ, குஞ்சு கோக்கிடோ. எஸ்பெராந்தோ பெற்ற பிள்ளை என்பதால்தான் அந்தப் பெயர்.

தம்பி: கோக்கோவா! அப்போ எங்கள் குளத்துக் கொக்கு?

நான்: அதுவும் உறவில்லையடா. கோக்கோ பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல். அங்கே சேவலுக்குக் "கொக்" என்று பெயர்.

மாமா: இவ்வளவு பொருந்துகிறதே பிள்ளை?

பெரியம்மா: பொருந்தத்தான் செய்யும் தம்பி. மனித வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம், மொழிகளோ ஆறாயிரத்துக்கு மேல். குட்டிச் சொற்கள் எங்கேயாவது முட்டிக்கொள்ளும். சொல்லின் பிறப்பைத் தேடாமல் உறவு சொல்லக் கூடாது.

நான்: உருவாக்கிய மொழி என்றால் பிறப்பைத் தேடுவது சுலபம், பெரியம்மா. எஸ்பெராந்தோவை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887இல் வார்சாவில் அதன் முதல் புத்தகத்தை "டொக்தோரோ எஸ்பெராந்தோ" என்ற புனைபெயரில் போட்டார். நம்பிக்கையோடு இருப்பவர் என்று அர்த்தம். மொழிக்கு அவர் வைத்த பெயர் "சர்வதேச மொழி". ஆனால் சனங்கள் புனைபெயரையே மொழிக்குச் சூட்டிவிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அம்மா: அதற்கு முன்னும் ஒன்று இருந்தது என்றாயே?

நான்: வோலாபூக். ஷ்லையர் என்ற ஜெர்மன் பாதிரியார் உருவாக்கியது. வோல் உலகம், பூக் பேச்சு. இரண்டும் ஆங்கிலச் சொற்களை உருமாற்றி எடுத்தவை. உலகமே கதைக்க வேண்டும் என்று வைத்த பெயர், டேனிஷ் மொழியில் இன்றைக்குப் புரியாத பேச்சு என்ற அர்த்தத்தில் வழங்குகிறது. பாவம் அந்த மனிதர்.

தம்பி: தோக்கி போனாவும் சொல்லு. போனால் எங்கே போவது?

நான்: எங்கேயும் இல்லை. அதுவும் உருவாக்கிய மொழிதான், சோன்யா லாங் என்ற கனடாக்காரர் 2001இல் வெளியிட்டது. தோக்கி பேச்சு, அது பப்புவா நியூகினியாவின் தோக் பிசின் மொழியில் இருந்து. போனா நல்லது, அது எஸ்பெராந்தோவின் "போனா". ஜப்பானியத்திலும் தோக்கி உண்டு, அங்கே அது நேரம்.

மாமா: சரி, விட்டேன். அப்படியென்றால் எங்கள் வன்னி? நெருப்பும் வன்னி, மரமும் வன்னி, வட இலங்கையில் எங்கள் மண்ணும் வன்னி.

பெரியம்மா: நல்ல கேள்வி. நெருப்பு வன்னி வடமொழி. வன்னி மரத்துக்குள் நெருப்பு உறைகிறது என்று பழைய நம்பிக்கை இருப்பதால் அந்த இரண்டுக்கும் உறவு சொல்ல இடமுண்டு. மண்ணின் பெயர் வேறு வழக்கு. வனத்திலிருந்து வந்தது என்பார் சிலர், அங்கே ஆண்ட வன்னியர் என்ற சிற்றரசர்களிடமிருந்து வந்தது என்பார் சிலர். எஸ்பெராந்தோ போல இங்கே பெயர் வைத்தவரும் ஆண்டும் நம் கையில் இல்லை. அதனால் இரண்டையும் சொல்ல வேண்டும் பிள்ளை, ஒன்றை மறைக்கக் கூடாது.

நான்: பேச்சை வன்னியிலேயே தொடங்கி இடோவுக்குப் போகட்டுமா பெரியம்மா?

பெரியம்மா: தொடங்கு. எழுதியதை நாளைக்குக் கொண்டு வா. மாமாவும் வரட்டும்.

மாமா: வருகிறேன் அக்கா. படம் அனுப்பியவருக்கும் இப்பவே எழுதுகிறேன்.